வண்டிக்குக் காத்து இருக்கு

கம்ப்ரசர் வாங்க வந்தவனிடம் கடைக்காரன் என்ன கேட்க வேண்டும்? டாங்க் எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை எச்.பி., அவ்வளவுதானே? தவளக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி என்னைக் கேட்ட முதல் கேள்வி, "வூட்ல யாரு யாரு இருக்காங்கண்ணே?" என்பது. எனக்குச் சுருக்கென்றது.

"இன்னா பாய், மிஷின் விக்கிறியா, பொண்ணு பாக்குறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "காத்த அடைச்சி வெக்கிற சாமானுண்ணே. புள்ளைங்க நடமாடுற வூடுன்னா ஒரு மாதிரி தரணும். தனி ஆளுன்னா, ஒண்ணு ஆச்சின்னா சுச்ச அணைக்கக்கூட ஆளு இருக்காது, அதுக்கு ஒரு மாதிரி தரணும். அதான் கேட்டேன்."

"சம்சாரம் இருக்கா" என்றேன்.

பொய் இல்லை. இருக்கிறாள். பெங்களூரில் இருக்கிறாள்.

நான் பலராமன். பாகூரிலிருந்து சேலியமேடு போகிற ரோட்டில் வீடு. ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு வாங்கியவன். வீட்டின் பக்கவாட்டில் ரோட்டைப் பார்த்தபடி ஷீட் போட்டு ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வைஸ், டிரில், கிரைண்டர் எல்லாம் உண்டு. மருந்தடிக்கிற ஸ்பிரேயர், தண்ணி மோட்டார் என்று எதையாவது பிரித்துப் போட்டுப் பூட்டிக்கொண்டிருப்பேன். பிழைப்புக்காக இல்லை. கை சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும். கை வேலையாக இருந்தாலும் வரும் என்று தனக்கொடி சொல்வாள்.

தனக்கொடிதான் என் மனைவி. மகள் கல்பனாவுக்குப் பிள்ளை பிறந்ததும் பெங்களூர் போனாள். மூன்று மாதம் என்றாள். அப்புறம் பிள்ளை தவழட்டும் என்றாள். நடக்கட்டும் என்றாள். இப்போது அவன் ஓடுகிறான், இவள் பின்னாலேயே ஓடுகிறாள். கல்பனாவும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். இதில் யார் மேல் குற்றம் சொல்ல? புறப்பட்ட அன்றைக்கு அவள், "நீயும் வந்துடேன்யா" என்று கூப்பிட்டாள். "அந்த டப்பா வூட்ல நான் இன்னாத்த பண்றது, நீ போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் போய்விட்டாள். 'போ' என்று சொன்ன வாய்க்கு அதற்கப்புறம் 'வா' என்று சொல்ல வரவே இல்லை.

எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். சமைக்க ஆளில்லை, வா என்றால் ஊர் காறித் துப்பும். சமையல் எனக்குப் பெரிய காரியமும் இல்லை. காலையில் சோறு வடித்தால் ராத்திரி வரைக்கும் வரும், மோர் ஊற்றிக்கொண்டால் இறங்கிவிடும். பேச ஆளில்லை, வா என்று ஒரு ஆம்பிளை எப்படிக் கூப்பிடுவான்?

அவள் இருந்தவரை வீட்டில் ஆள் ஓய்ந்ததில்லை. கனகாம்பரம் பறிக்க ஒருத்தி வருவாள், கறிவேப்பிலைக்கு ஒருத்தி, சும்மா நாத்தனார் கதை பேச நாலு பேர். "பட்டறைல வேலை நடக்குது, அந்தாண்ட போய்ப் பேசுங்க" என்று நான் கத்துவேன். அவர்களெல்லாம் நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளிடம்தான் வந்தார்கள் என்பது அவள் போன பிறகு தெரிந்தது. கனகாம்பரம் செடியிலேயே காய்ந்து உதிர்கிறது. காக்கா குருவி எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனக்கொடி என் பெயரைச் சொல்ல மாட்டாள். 'அவரு' என்றும் சொல்ல மாட்டாள். அடுத்தவர்களிடம் பேசும்போது நான் 'அது'. அது சாப்ட்டுச்சி. அது தூங்குது. அதுக்குக் கோவம் வந்துக்கீது, கிட்ட போவாதீங்க. கல்யாணமான நாளிலிருந்து ஆடு மாடு கணக்காக நான் 'அது'வாகத்தான் அந்த வீட்டில் இருந்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போது என்னை அது என்று சொல்லவும் ஆளில்லை.

சாயங்காலமானால் வீடியோவில் கூப்பிடுவாள். போனைப் பேரன் பக்கமே பிடித்திருப்பாள். "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு, தாத்தாவுக்கு பல்லு காட்டு" என்று அவள் குரல் வரும். பிள்ளையைப் பிடித்திருக்கிற கை தெரியும், வளையல் தெரியும். முகம் தெரியாது. பேரனைப் பார்க்க ஆசையில்லாதவனா நான்? இருந்தாலும் அவன் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாளே, அவள் மூஞ்சியைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று மனசு அடித்துக்கொள்ளும். கேட்க மாட்டேன். "சரி வெச்சிடு" என்று சொல்லிவிட்டு நானே வைத்துவிடுவேன்.

கம்ப்ரசர் எண்ணம் வந்ததே ஒரு ஸ்கூட்டிக்காரப் பெண்ணால். எங்கள் முனையில் இருந்த பஞ்சர் கடைக்காரன் கடையைத் தூக்கிக்கொண்டு கிருமாம்பாக்கம் போய்விட்டான். ஒரு நாள் காலையில் அந்தப் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, "மாமா, கிட்ட எங்கனா காத்து இருக்கா?" என்று கேட்டாள். பாகூருக்குத்தான் போகணும் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் பழைய பஞ்சர் கடைக்காரன் கதை, அவன் மச்சான் கதை, ட்யூப்லெஸ் டயரின் குணம், எல்லாம் சொன்னேன். பாவம், ஹெல்மெட்டோடு நின்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் போன பிறகு எனக்குத் தோன்றியது: காத்து இருந்தால் ஆள் வரும்.

முதலில் பழசாக ஒன்று பார்த்தேன். கடலூர் ரோட்டில் ஒரு காயலான் கடையில் கிடந்தது. பெயிண்ட் புதுசு, உள்ளே பழசு. காத்திலிருக்கிற ஈரம் டாங்கின் அடியில் தண்ணியாகத் தேங்கும், அதை வடிக்கிற திறப்பைத் திருகினேன், செங்கல் கரைத்த மாதிரி தண்ணி வந்தது. உள்ளே துருப் பிடித்துத் தகடு மெலிந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதைவிடக் கொடுமை, சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்கி வைத்திருந்தான். அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து காத்தை வெளியே விட்டு டாங்க்கைக் காப்பாற்றுவது அந்த வால்வுதான். "இது இன்னாய்யா?" என்றால், "அது சும்மா ஒழுகினே இருந்துச்சி, அடைச்சிட்டேன்" என்கிறான். அடப்பாவி, உன் வாயைத்தான் அடைக்கணும் என்று திட்டிவிட்டு வந்தேன். அப்புறம்தான் ஜாபர் அலி கடை.

பாய் இரண்டு காட்டினார். ஒன்று பெல்ட் போட்டது. டாங்க் பெரியது, மோட்டாரும் பெரியது, சீக்கிரம் நிரம்பும். பார்த்ததும் எனக்கு அதன் மேல்தான் ஆசை. கம்பெனியில் நான் பார்த்த ஜாதி அது. இன்னொன்று இருபத்துநாலு லிட்டர், அடியில் இரண்டு சக்கரம், ஒரு கையால் இழுத்துப் போகலாம். பெல்ட் கிடையாது, எண்ணெய் ஊற்றுகிற வேலையும் கிடையாது.

பெரியதைச் சுற்றி வந்து பார்த்தேன். "இதுல முந்தானை மாட்டுமா பாய்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"பெல்ட்டு மேல கம்பி மூடி கீதுண்ணே. ஆனா நம்ம ஆளுங்க ஒரு தபா பெல்ட்டு மாத்தினா மூடியத் திருப்பி மாட்ட மாட்டாங்க. அண்ணி பட்டறைப் பக்கம் வருவாங்களா?"

"டீ எடுத்துகினு வருவா."

வருவாள். டம்ளரை நீட்டிக்கொண்டு மிஷின் ஓடுகிற இடத்திலேயே வந்து நிற்பாள், முந்தானை பாட்டுக்குத் தொங்கும். "சொருவுடி, சொருவிகினு வாடி" என்று கத்துவேன். "டீயக் குடிச்சிட்டு கத்துய்யா" என்பாள்.

"சின்னதே குடு பாய்" என்றேன்.

அதையும் லேசில் விட்டுவிடவில்லை. சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்தேன், புஸ்ஸென்று விட்டது. அழுத்தம் காட்டுகிற மீட்டர், நிரம்பியதும் தானாக அணைகிற சுவிட்ச், எர்த் உள்ள மூணு முள் பிளக், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று டாங்கில் அடித்த தகடு, எல்லாவற்றையும் பார்த்தேன். பாய் அவர் பங்குக்கு, வேலை முடிந்ததும் தண்ணியை வடித்துவிடு, விளையாட்டுக்குக்கூட ஆள் மேல் காத்தைப் பீய்ச்சாதே என்றார். "எனக்கே சொல்றியா" என்றேன். "எல்லாருக்கும் சொல்றதுதாண்ணே" என்றார். நல்ல மனுஷன்.

வீட்டில் கொண்டுவந்து பிளக்கைச் சொருகிப் போட்டேன். படபடவென்று ஓடியது. மீட்டரில் ஊசி ஏறியது. நெடுநாள் கழித்து வீட்டில் ஒரு சத்தம். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எட்டைத் தொட்டதும் டப்பென்று தானே நின்றுவிட்டது. அப்புறம் ஒரு அமைதி வந்தது பாருங்கள், முன்பு இருந்ததைவிடப் பெரியதாக. டாங்க் நிறையக் காத்து இருக்கிறது, அடிக்க ஒரு டயர் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளுக்கு அடிக்கலாமென்று போனால், அதில் ஏற்கெனவே காத்து நன்றாகத்தான் இருந்தது.

போர்டு வைத்தால்தானே ஆள் வரும்? பாகூரில் ஃப்ளெக்ஸ் போடுகிற மணிபாரதிக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். "தம்பி, வண்டிக்கு காத்து இருக்கு. கீழ பலராமன்னு போடு. எழுத்து பெருசா இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னேன். அவன் மறுநாள் ஆள் அனுப்பிக் கட்டிவிட்டும் போய்விட்டான். நான் அப்போது பாங்க்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஆளுயர போர்டு:

வண்டிக்கு காத்திருக்கு
பலராமன்

ஓரத்தில் ஒரு பஸ் படம் வேறு.

தலையில் அடித்துக்கொண்டேன். போனைப் போட்டு அவனைக் கிழித்தேன்.

"மாமா, நீ பேசினத போன்லயே எழுத்தா மாத்தினேன், அது சேத்து எழுதிகிச்சி" என்றான். "நானும் படிச்சிப் பாத்தேன். நீ பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு நிழற்குடை கட்டிக் குடுக்கறியோன்னு நெனச்சேன். அதான் பஸ் படமும் போட்டு வுட்டேன்."

"நிழற்குடைக்கு நான் இன்னா எம்மெல்லேவாடா?"

"டென்ஷன் ஆவாத மாமா. காத்து தனி, இருக்கு தனின்னு ஸ்டிக்கர் அடிச்சித் தரேன். மேல ஒட்டிக்கோ."

அவன் ஸ்டிக்கர் தருவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கரும்பு டிராக்டர் ஓட்டுகிற அரிகரன் வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு, "இன்னா மாமா, எந்த வண்டிக்கு காத்திருக்க?" என்று கேட்டான்.

"எமன் வண்டிக்குடா. எடம் இருக்குது, ஏறிக்கிறியா?"

பால் ஊற்றப் போகிற மஞ்சுளா கேட்டாள். "உன் மாட்டு வண்டிக்கு" என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது கோரஸாகக் கேட்டார்கள். எல்லோரையும் திட்டினேன். திட்டத் திட்ட வந்தார்கள். வந்தவர்களில் சிலபேர் காத்தும் அடித்துக்கொண்டார்கள். இரண்டு நிமிஷம் டயர், ஒரு நிமிஷம் கேலி, அப்புறம் போய்விடுவார்கள். சாயங்காலம் தண்ணியை வடித்துவிட்டு மிஷினை மூடினால் மறுபடி நானும் சுவரும்தான். ஆள் வந்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டது தப்பு. எனக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு ஆள் வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜெயசுதா, தனக்கொடிக்கு உயிர்த் தோழி, ஒரு நாள் ஸ்கூட்டிக்குக் காத்தடிக்க வந்தவள் போர்டை போட்டோ எடுத்தாள். "எதுக்கும்மா அது?" என்றேன். "சும்மாண்ணா" என்று சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம்தான் மணிபாரதி ஸ்டிக்கரைக் கொண்டுவந்து கொடுத்தான். வெயில் தாழட்டும், ஒட்டலாம் என்று மேஜை மேல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. வழக்கம்போலப் பேரன் முகம். வாயில் பிஸ்கட். வளையல் போட்ட கை.

"ஜெயசுதா போட்டோ அனுப்பிச்சா" என்றது குரல்.

"காத்து மிஷின் வாங்கிக்கிறேன்."

"அது தெரியும். போர்டுல இன்னா எழுதிக்கீது?"

"படிக்கத் தெரியாதா உனக்கு?"

"படிச்சேன்யா. அதான் கேக்கறேன்." குரல் இறங்கிப் போயிற்று. "அது காத்திருக்குன்னு படிச்சேன்."

போர்டில் 'அது' என்று ஒரு எழுத்தும் இல்லை. அவளாகவே சேர்த்துப் படித்திருக்கிறாள்.

மேஜை மேல் ஸ்டிக்கர் கிடக்கிறது. காத்து வேறடி, இருக்கு வேறு, பிரித்துப் படிக்கணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிரித்தால் அது வண்டிக்குக் காத்து. சேர்த்தால் நான்.

"மிஸ்டேக்கா எழுதிட்டானாமே, மாத்தப் போறியாமே, ஜெயசுதா சொன்னா" என்றாள்.

"மாத்தல. சரியாத்தான் எழுதிக்கிறான்."

பேரன் பிஸ்கட்டைக் கீழே போட்டான். அவள் எடுக்கவில்லை.

"எந்த வண்டிக்குய்யா?"

ஊரே கேட்ட கேள்விதான். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தவன் நான். இவளுக்கு வைத்திருக்கவில்லை. அழுகை வந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

"பெங்களூர் வண்டிக்கு" என்றேன்.

போனில் படம் சுழன்றது. மின்விசிறி, சன்னல், கொடியில் பிள்ளைத் துணி, அப்புறம் அவள். இளைத்திருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள், ஏதாவது யோசித்தால் அப்படித்தான் செய்வாள்.

"வந்தா புள்ளையும் தூக்கினுதான் வரணும்" என்றாள். "எல்லாத்தையும் நோண்டுவான். அந்த மிஷினு பயமில்லாததுதானே?"

மூச்சு விடாமல் சொன்னேன். தானே அணைந்துவிடும், அழுத்தம் மீறினால் வால்வு திறந்துகொள்ளும், எர்த் இருக்கிறது, வேலை முடிந்தால் காத்தை எல்லாம் இறக்கிவிட்டு பிளக்கைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேன், பிள்ளை முழித்திருக்கும்போது போடவே மாட்டேன் என்று சொன்னேன். "பெல்ட்டே கெடையாது. முந்தானை மாட்டாது" என்றேன்.

"நான் இங்க கெடக்கறேன். என் முந்தானைய எதுக்குய்யா பாத்து வாங்கின?"

"வேற யாரு முந்தானைய பாக்கச் சொல்ற?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பத்து நாளுதான்யா. அதுக்கு மேல கல்பனாவால புள்ளைய வுட்டு இருக்க முடியாது."

"பத்து நாள் போதாது" என்றேன். "வா."